இருபது போன்களும் எங்கே இருந்தன

ரபீக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். பதினாறு வருடங்கள் அவசர அழைப்பு நிலையத்தில் வேலை பார்த்ததால் வந்த பழக்கம் அது. அழைக்கிறவர் கத்துவார், அழுவார், தூஷணத்தில் ஏசுவார். எடுக்கிறவரும் சேர்ந்து கத்தினால் விலாசம் கிடைக்காது.

அவர் மூதூரில் பிறந்தவர். திருகோணமலை நகரில் கலியாணம் முடித்து, இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தபடி, மாவட்டத்தின் அம்புலன்ஸ்கள் எந்த வீதியால் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு மழை பெய்தால் எந்தப் பாலம் மூழ்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

நான்கு வருடங்களுக்கு முன் கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்தார். அம்புலன்ஸ்களுக்கும் மீட்புப் படகுகளுக்கும் மட்டும் என்று தனியான ஒரு வலையமைப்பைப் பரீட்சார்த்தமாக அமைக்கப் போகிறோம் என்றார். நகரத்திலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் வெருகலிலும் நான்கு கோபுரங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்த பற்றரி, சொந்த ஜெனரேற்றர்.

"வெள்ளம் வந்தா சனம் எல்லாம் ஒரே நேரத்தில போன் எடுக்கும். லைன் நெரிஞ்சு போகும். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில சாதாரண டவரும் செத்துப்போகும். இது வேற பாதை, மிஸ். வேற ஒருத்தரும் இதுக்குள்ள வரேலாது" என்றார் அவர்.

"படமும் அனுப்பலாமா?" என்று ரபீக்கா கேட்டார்.

"வீடியோவே அனுப்பலாம். அம்புலன்ஸுக்குள்ள நடக்கிறதை டொக்டர் ஆஸ்பத்திரியில இருந்தே பாக்கலாம்."

ரபீக்கா அன்று வீட்டுக்குப் போய் மகள்மாரிடம் இதையே கதைத்துக்கொண்டிருந்தாராம். அறுந்துபோன அழைப்புகளை அவர் எத்தனையோ கேட்டிருக்கிறார். பாதிப் பெயர், பாதி விலாசம், பிறகு வெறும் இரைச்சல். இனி அது இல்லை என்று நினைத்தார்.

வந்தது இருபது போன்கள். திட்டத்தில் பதின்மூன்று அம்புலன்ஸ்களுக்கு என்று எழுதியிருந்தது. நிலையப் பொறுப்பதிகாரி பாக்கியரத்தினம் ஐந்தை மட்டும் அம்புலன்ஸ்களுக்குக் கொடுத்தார். படகுகளுக்கு மூன்று. மிச்சத்தில் பல அதிகாரிகளின் மேசைகளுக்குப் போயின; சில அலுமாரியில் பூட்டப்பட்டன. மூதூர் அம்புலன்ஸுக்கு ஒன்றுமில்லை.

"ட்ரைவர்மார் உடைச்சுப் போடுவினம் மிஸ். பாதுகாப்பா வச்சிருக்க வேண்டிய சாமான்" என்றார் பாக்கியரத்தினம்.

ரபீக்கா நான்கு கடிதங்கள் எழுதினார். நான்குக்கும் ஒரே பதில் வந்தது: 'தங்கள் விடயம் கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது.'

அதற்குப் பிறகுதான் அந்தக் கார்த்திகை மாதப் புயல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை. மழை மூன்றாவது நாளாக விடவில்லை. வெருகல் ஆறு பெருகி வீதிக்கு வந்துவிட்டது. ஈச்சிலம்பற்றில் ஜெயரூபி என்ற பெண்ணுக்கு எட்டு மாதத்திலேயே இரத்தப்போக்குத் தொடங்கியிருந்தது. மூதூரிலிருந்து ஸஹாப்தீன் அம்புலன்ஸை எடுத்துக்கொண்டு போனார். ஐம்பத்திரண்டு வயது, அந்த வீதியை வெள்ளத்திலும் ஓட்டியறிந்தவர். ஒன்பது இருபத்தைந்துக்குத் தன் சொந்தப் போனில் அழைத்தார்.

"ஆளை ஏத்தியாச்சு தங்கச்சி. தாதி கூட இருக்கிறா. ஆனா முன்னால ரோட்டைக் காணேல்ல. நான் பூமர..."

அவ்வளவுதான். பொது வலையமைப்பு விழுந்துவிட்டது.

ரபீக்கா திரும்பத் திரும்ப அழைத்தார். ஒன்றுமில்லை. ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு நேவிப் படகு நின்றது. அதில் புதிய போன் இருந்தது. "எங்க போகவேணும் எண்டு சொல்லுங்க மிஸ், உடனே போறம்" என்றார்கள். எங்கே என்று சொல்ல அவரால் ஏலவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் தண்ணீர். அவர் சொல்ல வந்தது பூமரத்தடிச்சேனை என்ற ஊராகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முந்தியா, பிந்தியா?

எழும்பி பாக்கியரத்தினத்தின் அறைக்குப் போனார். மேசையில் இரண்டு போன்கள் கிடந்தன. ஒன்றில் உதவியாளர் வெள்ளத்தின் வீடியோக்களை எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தார். மற்றதில் பாக்கியரத்தினம், சீனன்குடாவுக்கு ஹெலிகொப்டரில் வந்திறங்கப்போகும் பெரிய மனிதருக்கு எத்தனை மழைக்கோட்டுகள் வேண்டும் என்று கதைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்டது.

ரபீக்கா காத்து நின்றார். அந்த மூன்று நிமிடங்களைப் பற்றி இன்றும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறார்.

தன் திரையில் அவர் ஒன்றைக் கண்டிருந்தார். இயங்கும் ஒவ்வொரு போனும் வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். பூமரத்தடிச்சேனைக்கு அருகே ஒரு புள்ளி இருந்தது. அங்குள்ள அரச அலுவலகம் ஒன்றின் அதிகாரிக்குக் கொடுத்த போன் அது.

"அந்தப் போனை அம்புலன்ஸிட்டக் கொண்டுபோகச் சொல்லுங்கோ சேர்."

"அது அந்த ஐயாவின்ர பேரில உள்ளது. அவரிட்டக் கேக்காம ஏலாது."

"அப்ப கேளுங்கோ."

பாக்கியரத்தினம் அந்த அதிகாரியின் சொந்தப் போனுக்கு எடுத்துப் பார்த்தார். விழுந்துபோன வலையமைப்பில் அது எப்படி அடிக்கும்? வெள்ளத்துக்கென்றே கொடுத்த போனைக் கந்தோரில் வைத்துவிட்டு, வேலை செய்யாத போனோடு அந்த மனிதர் வீட்டுக்குப் போயிருந்தார். "கொஞ்சம் பொறுங்கோ மிஸ்" என்றார் பாக்கியரத்தினம். இப்படியே இருபது நிமிடங்கள் போயின.

ரபீக்கா தன் கதிரைக்குத் திரும்பி, அந்தப் பச்சைப் புள்ளியை நேரே அழைத்தார். பதினோராவது தடவை யாரோ எடுத்தார்.

"மிஸ், சேர் இதைத் தொட வேணாமெண்டு சொன்னவர். விடாம அடிச்சதாலதான் எடுத்தனான்."

"நீங்கள் ஆர்?"

"யதுர்சன். கந்தோர் உதவியாளர். இஞ்ச நான் மட்டும்தான் நிக்கிறன்."

"யதுர்சன், உங்களுக்குக் கிட்ட எங்கயோ ஒரு அம்புலன்ஸ் தண்ணிக்குள்ள மாட்டியிருக்கு. உள்ள பிள்ளைத்தாச்சி. ரத்தம் போகுது. இந்தப் போன் அங்க போகவேணும்."



"சேர் கேட்டா என்ன சொல்ல?"

"ரபீக்கா சொன்னவ எண்டு சொல்லுங்கோ. என்ர பேரையும் நேரத்தையும் கந்தோர்ப் புத்தகத்தில எழுதிப்போட்டுப் போங்கோ."

யதுர்சன் பக்கத்து வீட்டுக்காரரின் உழவு இயந்திரத்தில் ஏறினார். ரபீக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி நகர்ந்தது, நின்றது, ஒரு வயலைச் சுற்றி மறுபடி நகர்ந்தது. பத்து நாற்பத்தைந்துக்கு ஸஹாப்தீனின் குரல் கேட்டது.

"தங்கச்சி, ரெண்டு பக்கமும் தண்ணி. மதகுக்குப் பக்கத்தில மேட்டில நிக்கிறம். இந்தப் பிள்ளைக்கு ஏலாம வருது."

அதன்பின் எல்லாம் அந்தப் பொறியியலாளர் சொன்னபடியே நடந்தது. இடம் திரையில் விழுந்தது. படகு திரும்பியது. தாதி போனைப் பிடிக்க, ஆஸ்பத்திரியில் டொக்டர் வீடியோவில் பார்த்து, எப்படிக் கிடத்துவது, என்ன ஏற்றுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். படகு தோப்பூர்ப் பக்கம் சேர்ந்தபோது வேறொரு அம்புலன்ஸ் காத்து நின்றது. மூதூரில் இரத்தமும் சத்திரசிகிச்சைக்கூடமும் ஆயத்தமாக இருந்தன.

ஜெயரூபி பிழைத்தார். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பிள்ளையையும் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னதாக ஸஹாப்தீன் பிறகு சொன்னார்.

"ஆராவது வருகினமா எண்டு அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தது. வருகினம், வருகினம் எண்டு நான் பொய் சொன்னனான். ஒருத்தருக்கும் தெரியாது, நாங்கள் எங்க நிக்கிறம் எண்டு."

ரபீக்கா அன்று அழவில்லை. வீட்டுக்குப் போய்க் குசினியில் ஒரு பாத்திரத்தைத் தூக்கிச் சுவரில் அடித்ததாகச் சொன்னார். பிள்ளைகள் உம்மாவை அப்படிக் கண்டதேயில்லை.

ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். மேடையில் 'புதிய வலையமைப்பு ஒரு தாயைக் காப்பாற்றியது' என்ற பெரிய பதாகை. பாக்கியரத்தினம் பேசினார். ரபீக்காவின் கைப்பையில், மேலதிகாரியின் அனுமதியின்றிக் கட்டளை பிறப்பித்ததற்கு அவரிடம் விளக்கம் கேட்டு வந்த கடிதம் கிடந்தது. யதுர்சனுக்கும் ஒன்று போயிருந்தது.

பிறகு விளக்குகளை அணைத்துத் திரையில் ஒரு வீடியோவை ஓடவிட்டார்கள். தாதி டொக்டருக்கு அனுப்பிய வீடியோ. ஜெயரூபியின் முகம், வெளுத்த உதடுகள், இரத்தம். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ரபீக்கா எழும்பினார்.

"நிப்பாட்டுங்கோ."

தாழ்ந்த குரல்தான். ஓடவிட்டவர் பாக்கியரத்தினத்தைப் பார்த்தார்.

"மிஸ், பிறகு கதைப்பம். இருங்கோ."

"இருக்க மாட்டன் சேர். முதல்ல அதை நிப்பாட்டுங்கோ. அது அந்தப் பிள்ளையின்ர உடம்பு. உங்கட விளம்பரம் இல்ல."

திரை அணைந்தது. விளக்குகள் எரிந்தபோது ரபீக்காவின் கையில் ஒரு தாள் இருந்தது. அன்று ஒன்பது நாற்பதுக்கு இருபது போன்களும் எங்கே இருந்தன என்பதைப் பதிவுகளிலிருந்து எடுத்து எழுதியிருந்தார். ஐந்து அம்புலன்ஸ்களில், மூன்று படகுகளில் என்று தொடங்கினார். மிச்சப் பன்னிரண்டில் ஏழு அதிகாரிகளின் மேசைகளிலும் ஐந்து அலுமாரியில் பெட்டி உடைக்காமலும் இருந்ததை, ஒவ்வொரு அதிகாரியின் பதவியையும் சொல்லி வாசித்தார். சிலர் அந்த மண்டபத்திலேயே முன்வரிசையில் இருந்தார்கள்.

"தாயைக் காப்பாத்தினது எண்டு எழுதியிருக்கிறீங்கள். பிள்ளையை ஆர் விட்டது எண்டும் எழுதுங்கோ."

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் இருந்த ஸஹாப்தீன் மட்டும் எழும்பி நின்றார். பிறகு இன்னும் நாலைந்து ட்ரைவர்மார் எழும்பினார்கள்.

அந்தத் தாளின் பிரதி ஒரு பத்திரிகைக்குப் போனது. யார் கொடுத்தது என்று ரபீக்கா சொல்லமாட்டார். மாதம் முடியுமுன் பதின்மூன்று அம்புலன்ஸ்களுக்கும் போன் கிடைத்தது. யதுர்சனின் விளக்கக் கடிதத்தை ரபீக்காவே இருந்து எழுதிக்கொடுத்தார், அவர் தப்பினார். ரபீக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பிரதியை அவருடைய சுயவிவரக் கோப்பில் போட்டார்கள். பாக்கியரத்தினம் பதவி உயர்வோடு வேறு மாவட்டத்துக்குப் போனார். அதைக் கேட்ட நாளில் ரபீக்கா மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஒருநாள் அவர் ஈச்சிலம்பற்றுக்குப் போய் ஜெயரூபியைக் கண்டார். வீடியோவைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். ஜெயரூபி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தக் கந்தோர்ப் போன் எங்கட பக்கத்தில எவ்வளவு நாளா இருந்தது அக்கா?"

"ரெண்டு வருசமா."

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் ரபீக்கா இருபது போன்களுக்கும் அழைக்கிறார். எடுப்பது யார், வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டு எழுதிவைக்கிறார். அது அவருடைய வேலை என்று யாரும் சொல்லவில்லை. சென்ற மாதம், அம்புலன்ஸ் ஒன்றுக்குக் கொடுத்த போனை ஒரு கந்தோர் எழுதுவினைஞர் எடுத்து, ஐயா கூட்டத்தில் இருக்கிறார், என்ன விடயம் என்று கேட்டாராம்.

"ஐயாவைக் கூட்டத்தில இருந்து எழுப்புங்கோ. அம்புலன்ஸின்ர போன் அவரிட்ட ஏன் இருக்குது எண்டு நான் கேக்கவேணும்" என்றார் ரபீக்கா. அந்த ஐயா வந்து போனை எடுக்கும்வரை பதினேழு நிமிடங்கள் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.