பண்டை மலாக்காவும் தெய்வானையும்

தெய்வானைக்குப் பெயர் தமிழ், கும்பிடும் சாமி தமிழ், வாயைத் திறந்தால் மட்டும் மலாய். மலாக்கா டவுனை ஒட்டிய கஜா பேராங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலாக்கா செட்டிக் குடும்பங்களில் எல்லாரும் அப்படித்தான். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்குக் கடை வேலைக்கு வந்த சேதுபதி அவளைக் கட்டிக்கொண்ட பிறகும் குடித்தனம் மலாயிலேயே ஓடியது. சண்டைகூட மலாயில்தான்.

ஆனால் சேதுபதிக்கு மேடைத் தமிழ் பேச வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு மலாக்காவின் பழைய இடங்களைப் பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் வரத் தொடங்கியது. தமிழ்க் கூட்டம் என்றால் சுற்றிக்காட்ட அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சிரம்பானிலிருந்து தமிழ்ப்பள்ளி டீச்சர்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு தெய்வானையின் பொறுப்பு. சட்டிகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். வந்திருப்பது அத்தனையும் பெண்கள் என்று பார்த்ததும், குழம்பு சிந்தாமல் யார் பார்த்துக்கொள்வது என்று தானும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

முன் சீட்டில் சந்திரமதி டீச்சர். இளம் வயசு, நீலப் புடவை, யார் எதைச் சொன்னாலும் கண்ணை விரித்துக் கேட்கிற முகம். தெங்கேரா பள்ளிவாசல் முன்னால் பஸ் நின்றதும், "அண்ணே, கூரை ஏன் இப்படி அடுக்கடுக்கா இருக்கு?" என்று கேட்டாள். தெய்வானை சட்டென்று திரும்பிப் பார்த்தாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது சாமி பெயர்களும் உறவுமுறைகளும்தான். அண்ணே என்றால் அபாங். வீட்டில் அவள் புருஷனைக் கூப்பிடுவதும் அபாங் என்றுதானே! அண்ணனுக்கும் புருஷனுக்கும் மலாயில் ஒரே சொல்லாகப் போனால் பாவம், அவள்தான் என்ன செய்வாள்?

சேதுபதி தொண்டையைச் செருமினான். "பண்டை மலாக்காவிலே, தாய்மார்களே..."

அவ்வளவுதான், தெய்வானை நிமிர்ந்துவிட்டாள். மலாயிலும் 'பண்டை' உண்டு. அங்கே அதற்குக் கெட்டிக்காரி என்று அர்த்தம். நடுத்தெருவில் நின்றுகொண்டு ஊரான் வீட்டுப் பெண்ணைக் கெட்டிக்காரி என்கிறானே இந்த மனுஷன்!

அங்கிருந்து சிவப்புத் தேவாலயம் போனார்கள். அங்கேயும் ஒரு பண்டை. குன்றின்மேல் இடிந்து கிடந்த மாதா கோயிலில் மூச்சுக்கு ஒரு பண்டை. கீழே இறங்கிப் போர்த்துக்கீசியர் கோட்டை வாசலுக்கு வந்ததும் அவனுக்கு ஆவேசமே வந்துவிட்டது. கையை ஆட்டி ஆட்டிப் பண்டை, பண்டை என்றான். ஒவ்வொன்றுக்கும் சந்திரமதி தலையாட்டினாள். வீட்டில் வேலை முடிந்து வந்தால் உம்மென்று இருப்பவனா இவன்? இவ்வளவு பேச்சையும் எங்கே வைத்திருந்தான்? இவ்வளவு சிரிப்பையும்? வெயில் ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம், தெய்வானை வெந்துபோனாள்.

பண்டார் ஹிலிர் கடற்கரை மரநிழலில் சாப்பாடு. சந்திரமதிக்கு மட்டும் பார்த்துப் பொறுக்கி மீனின் வால் துண்டைப் போட்டாள். அவளோ முள்ளை எடுத்துக்கொண்டே, "அக்கா, குழம்பு பிரமாதம்!" என்றாள். தெய்வானைக்குப் புரிந்தது முதல் சொல் மட்டும்தான். அக்காவா! அதற்குள் இவள் இளையவளாகி, நான் மூத்தவளாகிவிட்டேனா?

அகப்பையைச் சட்டிக்குள் எறிந்துவிட்டுப் புருஷனிடம் போனாள். மலாயில் வெடித்தாள்.

"காலையிலிருந்து அவளைப் பண்டை, பண்டைங்கிறீங்களே, உங்களுக்கு வெட்கமா இல்லை?"

சேதுபதி முதலில் திருதிருவென்று விழித்தான். புரிந்ததும் பஸ் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடி பைத்தியமே! தமிழ்ல பண்டைன்னா பழசு. பழங்காலத்துக் கோட்டை, பழங்காலத்துக் கோயில்னு சொன்னேன்!" சிரிப்பு அடங்காமல் டீச்சர்களிடமும் தமிழில் சொல்லிவிட்டான். அவர்களுக்கும் தாங்கவில்லை. சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து தெய்வானையைக் கட்டிக்கொண்டாள். தெய்வானையும் ஒப்புக்குச் சிரித்து வைத்தாள்.

பஸ் கிளம்பிப் போனபின் இருவரும் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். சேதுபதி நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தான். வீட்டுப் பக்கம் திரும்பும் இடத்தில் அவள் நின்றாள்.

"அபாங், அந்த டீச்சரைச் சொல்லலை. சரி, ஒத்துக்கறேன். என்னை எப்போ சொன்னீங்க?"

"எதை?"

"கெட்டிக்காரின்னு."

"இதையெல்லாம் வாயால வேற சொல்லணுமா? உனக்கே தெரியாதா?"

"இடிஞ்ச சுவரைப் பத்தி நாள் பூரா பேசினீங்க. நீங்க சொன்னது அந்தச் சுவருக்குப் புரியுமா? அதுக்கு மட்டும் வாயால சொன்னீங்களே."

சேதுபதியின் சிரிப்பு நின்றுபோனது. பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுடைய மலாயிலேயே, "நீயும் பண்டைதான் தெய்வானை" என்றான்.

"வேண்டாம். கேட்டு வாங்கினா அது பிச்சை" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

மறுநாளிலிருந்து சேதுபதி சாப்பிட்டுக் கை கழுவும்போதெல்லாம் அந்தச் சொல்லை மறக்காமல் சொன்னான். கிழவனாகிப் பல் போன பிறகும் சொன்னான். தெய்வானை ஒருநாளும் முகம் மலர்ந்து கேட்டதில்லை. அன்றைக்குத் தான் வாயைத் திறந்து கேட்காமல் இருந்திருந்தால், இவர் என்றைக்காவது தானாகச் சொல்லியிருப்பாரா என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியவே இல்லை.