பூஜை வரிசையில் என் கார்

தொண்ணூற்றொன்றில் ஒரு பழைய கார் வாங்கினேன். திருடன் கிளப்ப முடியாதபடி ரகசிய ஸ்விட்ச் வைக்கச் சொன்னார் சுங்குவார்சத்திரம் மெக்கானிக். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனேன். கும்பிட்டு வந்தால் காரைக் காணோம். வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்தவளிடம் ஓடினேன்.

பூக்காரம்மா நிதானமாகக் கைகாட்டினாள். "பூஜைக்கு வந்த வண்டின்னு வரிசையில தள்ளிக்கினு போய் வுட்டாங்க சார். கதவுதான் தொறந்து கெடந்துச்சே."

புது வண்டிகளுக்கு நடுவே என் கிழட்டுக் கார், மாலையும் சந்தனமுமாக நின்றது. சண்டைக்குப் போனவன், குருக்கள் நீட்டிய தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மெக்கானிக் மறித்தார். "இன்னா சார், ஸ்விட்ச் வெச்சிடலாமா?"

"வெச்சா, தள்ளினாலும் நகராதா?"

"தள்ளினா நகரத்தான் சார் செய்யும்."

"அப்ப வேணாம்பா" என்று தேங்காய் மூடியை அவரிடம் கொடுத்தேன்.