பதினாலாம் வாசல்

போன கிழமை செவ்வாய், பலெர்மோவின் பலாரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"ரெஜி, உம்மடை பிள்ளையை நீரே போட்டியிலை இருந்து வெளியிலை போட்டனீராம்... உண்மையோ?"

எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாடும் அக்கா. உச்சஸ்தாயிக்குப் பெயர் போனவர். அன்றைக்கும் குறைக்கவில்லை.

"ஓம் அக்கா. உண்மைதான்."

"ஐயோ! என்ன தாய் நீர்?"

கத்தரிக்காய்க்காரன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் அந்தத் தொனி எந்த ஊரானுக்கும் விளங்கும்.

பத்து வருடமாக இந்தப் பத்தியில் ஊர்க் கதை எல்லாம் எழுதுகிறேன். இந்தக் கிழமை என் வீட்டுக் கதையை நானே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அக்காவே எழுதிவிடுவார்!

என் மகள் ஜெனிக்குப் பதின்மூன்று வயது. பனிச்சறுக்குப் போட்டிக் குழுவில் இருக்கிறாள். பலெர்மோவில் பனியா என்று சிரிக்காதீர்கள், முதலில் சிரித்தவள் நான்தான். தென் இத்தாலியின் கடற்கரைப் பட்டினம் இது. ஆனால் வேனில் இரண்டு மணித்தியாலம் போனால் மதோனியே மலை. நல்ல வருடமென்றால் ஜனவரியில் அங்கே முழங்கால் அளவுக்குப் பனி.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று ஜெனி பதினைந்து தரம் விழுந்தாளாம். சிறுவர் குழுவின் கோச் சால்வோ அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு எனக்கு ஃபோன் எடுத்தார்.

"சிஞ்ஞோரா, உங்கள் மகளுக்கு விழத் தெரியும். மற்றதை நான் பழக்குகிறேன்."

இந்த ஊரில் என் பிள்ளையைப் பற்றி யாரும் இப்படி ஒரு சான்றிதழ் தந்ததில்லை.

அவர்களுடைய பயிற்சி பனியில் தொடங்குவதில்லை. ஒக்டோபரில், பூங்காவின் தார் ரோட்டில், ரோலர் ஸ்கேட்ஸ் போட்டுக்கொண்டு, செம்மஞ்சள் பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றித் தொடங்கும். சனிக்கிழமைகளில் பெல்லெக்ரினோ மலைக்கு ஓட்டம். அதே பாதையில்தான் எங்கள் ஆட்கள் செபமாலையோடு வெறுங்காலில் சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு ஏறுகிறார்கள். மூச்சு வாங்க வாங்க ஓடுகிற ஜெனியை மறித்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என்ன நேத்தி பிள்ளை?"

டிசம்பர் முழுக்கப் பனியே இல்லை. பிள்ளைகள் ஃபோனில் மலையின் கமராவைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்டார்கள். ஜனவரியில் ஒருநாள் கொட்டியது. அதோடு எங்கள் ஞாயிறுகள் போய்விட்டன. பூசைக்குச் சனி பின்னேரமே போய்விடுவோம்.

இதே குழுவில்தான் ஜூலியாவும் இருக்கிறாள். ஜெனியின் வயது. லிபெர்த்தா வீதியில் பதினொரு வருடமாக நான் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை. அவளுடைய அம்மா வழக்கறிஞர், எனக்கு 'சிஞ்ஞோரா', வீட்டு எசமானியம்மா. ஜூலியாவுக்குச் சின்னதாகிப் போன ஸ்கீ சப்பாத்துத்தான் இந்த வருடம் ஜெனியின் காலில்.

இதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்... எல்லாரும் அதைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள்.

சால்வோவிடம் ஒரு சட்டம் உண்டு. போட்டி நாளில் வீட்டுக்கு ஓராள் உதவிக்கு நிற்க வேண்டும். என்னை வாசல் பார்க்கப் போட்டார். சறுக்குப் பாதை நெடுகக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். அவற்றை 'போர்த்தா' என்பார்கள், வாசல். ஒவ்வொரு வாசலையும் பிள்ளைகள் சரியான பக்கத்தால் கடக்க வேண்டும். இரண்டு காலும் ஒரே பக்கத்தால். கம்பம் இரண்டு காலுக்கும் நடுவால் போனால், எவ்வளவு வேகமாக வந்தாலும் வெளியே. அதைப் பார்த்துத் தாளில் எழுதுவதுதான் என் வேலை.

"ஏன் என்னைப் போடுறீங்கள்?" என்று கேட்டேன்.

"நீங்கள் நன்றாகப் பார்ப்பீர்கள் ரெஜினா. அதிகம் கதைக்கவும் மாட்டீர்கள்."

வாசகர்களே, தயவுசெய்து சிரிக்க வேண்டாம்.

அந்த ஞாயிறு மதோனியேயில் போட்டி. எட்னா மலையில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு எங்கள் குழுவிலிருந்து நான்கு பெண் பிள்ளைகள் போகலாம். மூன்று பேர் உறுதி. நாலாவது இடம் ஜெனிக்கா ஜூலியாவுக்கா என்பதை அன்றைய ஓட்டம் சொல்லும்.

ஜூலியா இறங்கினாள். சுத்தமாகப் போனாள், கொஞ்சம் மெதுவாக.

பிறகு ஜெனி. இருபத்துமூன்றாம் இலக்கம்.

பன்னிரண்டு தொடக்கம் பதினாறு வரை என் வாசல்கள். அவள் வந்த வேகத்தைப் பார்த்துப் பென்சிலை இறுக்கிப் பிடித்தேன். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாலில் இடது ஸ்கீயின் முனை கம்பத்துக்கு உட்பக்கமாகப் போனது. கம்பம் கால்களுக்கு நடுவால் சாய்ந்து, திரும்ப எழும்பி நின்றது.

ஒரு கண் சிமிட்டல்தான். அவள் போய்விட்டாள்.

கீழே ஒரே ஆரவாரம். ஜூலியாவை விட நல்ல நேரம். குழுப் பிள்ளைகள் ஜெனியைக் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். மேலே சரிவில் நான் தனிய, கையில் பென்சிலோடு. அடுத்த வாசல் பார்க்கிறவர் வளைவுக்கு அப்பால். அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. நான் எழுதாவிட்டால் அப்படி ஒன்று நடக்கவேயில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன்? தெரியாது. அடுத்த பிள்ளை மேலே புறப்பட்டுவிட்டது. அதற்கிடையில் எழுத வேண்டும்.

இருபத்துமூன்று என்று எழுதினேன். பதினாலு என்று எழுதினேன். பக்கத்தில் கம்பத்துக்கு ஒரு புள்ளி, ஸ்கீ போன வழிக்கு இரண்டு கோடு. எழுத்துக் கோணலாகத்தான் வந்தது. குளிரால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே போனவர்களின் பெயர்ப் பட்டியல் ஒட்டியதும் நடுவர் என்னைக் கூப்பிட்டார். சிவப்பு ஜாக்கெட் போட்ட உயரமான மனுசர். பக்கத்தில் சால்வோ. இரண்டடி தள்ளி ஜெனி, ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

"இது உங்கள் மகளாமே?"

"ஓம்."

"சந்தேகம் என்றால் சொல்லுங்கள். சந்தேகத்தின் பலனைப் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம்."

எவ்வளவு நல்ல மனுசர் பாருங்கள்! கதவைத் திறந்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டும் நிற்கிறார்.

பதினாறு வருடமாக இந்த நாட்டில் எத்தனை தாளில் கையெழுத்து வைத்திருப்பேன்? பொலிஸ் கந்தோர் கெஸ்தூராவில், வதிவிட அனுமதி பெர்மெஸ்ஸோவுக்கு, வீட்டு வாடகைக்கு... எல்லாம் நான் யார் என்று நிரூபிக்க. நான் கண்டது என்ன என்று யாராவது கேட்டது அதுதான் முதல் தரம்.

"சந்தேகமில்லை," என்றேன். நாலாவது இடம் ஜூலியாவுக்குப் போனது.

வேனில் ஜெனி என் பக்கத்தில் இருக்கவில்லை. இறங்கும்போது மட்டும், மற்றவர்களுக்கு விளங்காதபடி தமிழில் கேட்டாள்.

"சிஞ்ஞோராவுக்காகத்தானே அம்மா?"

என் பதிலுக்கு அவள் நிற்கவில்லை.

வீட்டில் கணவருக்குச் சொன்னேன். உணவகத்துச் சமையலறையில் வேலை. ஞாயிறென்றால் நிற்க நேரமில்லாத வேலை. களைத்துப்போய் இருந்தார். "காணேல்லையெண்டு சொல்லியிருக்கலாமே ரெஜி. வெயில், பனி, கண் கூசினதெண்டு... ஆர் கேட்கப் போகினம்?" கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். சிஞ்ஞோரா எனக்குக் கோப்பி போட்டுவைத்திருந்தார். பதினொரு வருடமாகக் கோப்பி போடுவது நான். கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "ரெஜினா, எங்களுக்காக நீங்கள் அப்படிச் செய்திருக்கத் தேவையில்லை..."

நம்மில் யாராவது ஓர் உண்மையைச் சொன்னால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். 'உண்மையா?' என்று கேட்பதில்லை. 'யாருக்காக?' என்று கேட்கிறார்கள். மகள் கேட்டாள், ஊர் கேட்டது. கடைசியில் சிஞ்ஞோரா நன்றியே சொல்லவந்துவிட்டார்!

கோப்பியை மேசையில் வைத்தேன்.

"சிஞ்ஞோரா, உங்களுக்காகச் செய்யவில்லை. ஜூலியாவின் கால் உள்ளே போயிருந்தாலும் அப்படியேதான் எழுதியிருப்பேன்."

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழக்கமான 'ச்சாவ்' கூட இல்லை. நான் அன்று ஒரே சேர்ட்டை மூன்று தரம் அயன் பண்ணினேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஜெனி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பிடுகிறாயா என்றால் 'பாஸ்தா' என்பாள். சாப்பிடுகிற பாஸ்தா இல்லை, 'போதும்' என்கிற பாஸ்தா.

புதன் பின்னேரம் பயிற்சி முடிந்து வந்து கட்டிலில் இருந்து காலுறையைக் கழற்றினாள். நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். இடது முழங்காலின் உட்பக்கம் நீலமும் மஞ்சளுமாக ஒரு கண்டல். கம்பம் காலுக்கு வெளியே அடித்தால் அந்த இடத்தில் கண்டாது.

நான் தைலப் போத்தலை எடுத்துவந்து பக்கத்தில் இருந்தேன். காலை இழுப்பாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை.

"உள்ளுக்கைதான் அடிச்சது," என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அடிச்ச உடனை எனக்குத் தெரியும்."

"பிறகேன் என்னோடை கோவிச்சனி?"

"அதிலை நிண்டது நீங்கள்தானே. அம்மா எழுதமாட்டா எண்டு நினைச்சன்." பிறகு மெல்ல, "சிஞ்ஞோராவுக்காகவோ எண்டு கேட்டதுக்கு... ஸ்கூஸா." மன்னிப்பு மட்டும் இத்தாலியனில் வந்தது.

நான் தைலத்தைப் பூசிக்கொண்டேயிருந்தேன். கண்ணுக்குள் தண்ணி. தைலம் கொஞ்சம் காரம், பாருங்கள்.

வியாழன் சால்வோ ஃபோன் எடுத்தார். எட்னாவில் வாசல் பார்க்க ஆள் போதாதாம். எல்லாக் குழுக்களும் ஆள் அனுப்ப வேண்டும். "சிவப்பு ஜாக்கெட்காரர் உங்களைத்தான் கேட்டார். பெயர் மறந்துபோனாராம். 'அந்த அம்மா' என்றார்."

பிறகு, ஜெனியிடம் கொடுங்கள் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

போட்டி தொடங்குமுன் பாதையைத் திறக்க ஒரு பிள்ளை முதலில் இறங்க வேண்டுமாம். இலக்கமில்லை. மெடல் இல்லை. பட்டியலில் இடமுமில்லை.

"அப்ப என்னத்துக்கு?" என்று கேட்டாள் ஜெனி, இத்தாலியனில்.

"பனி எப்படி இருக்கிறதென்று யாராவது முதலில் போய்ப் பார்க்க வேண்டும். எனக்குப் பனிக்குப் பயப்படாத ஓராள் வேண்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பத்தி எழுத்தாளரால் அதுவும் முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"வாறன்," என்றாள், தமிழிலேயே. சால்வோவுக்கு விளங்கிவிட்டது.

ஞாயிறு வேனில் இடமில்லை. வெள்ளைக் கார் ஒன்று எங்கள் ஒழுங்கை முனையில் வந்து நின்றது. சிஞ்ஞோரா. அந்தக் கிழமை முழுக்க 'இதைத் துடையுங்கள், அதை மடியுங்கள்' என்பதைத் தவிர ஒரு வார்த்தை கதைக்காதவர். அந்தக் காரில் எத்தனையோ தரம் போயிருக்கிறேன், எப்போதும் பின்னால், பிள்ளைகளோடு. கதவுக்குக் கை வைத்தேன்.

"ரெஜினா, முன்னுக்கு ஏறுங்கள்," என்றார்.

ஏறினேன். பெல்ட் எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருந்தது.

எட்னாவில் பனிக்குப் பக்கத்திலேயே கரிய எரிமலைக் கல். அன்று காற்று. பாதை கண்ணாடி மாதிரி இறுகிப்போய் இருந்தது. மேலே நிற்கிற பிள்ளைகளின் முகத்தில் இரத்தமில்லை என்று சால்வோ சொன்னார்.

ஜெனி புறப்பட்டாள். முதுகில் இலக்கமில்லை. என் வாசல்களுக்கு வரும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தேன். பழகிப்போச்சு. இரண்டு காலும் ஒரே பக்கத்தால், ஒவ்வொரு வாசலிலும். பனித்தூள் என் சப்பாத்தில் வந்து விழுந்தது.

கீழே போனதும் அங்கே நின்றவரின் ரேடியோவை வாங்கி, மேலே நிற்பவர்களுக்கு இத்தாலியனில் சொன்னாளாம்: "ஆறாவது வாசலுக்குப் பிறகு ஐஸ். உள்ளுக்குச் சாயாதீங்கோ. மற்றதெல்லாம் நல்லம். வாங்கோ, வாங்கோ!" கடைசியில் ஜூலியாவை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம்.

ஜூலியா ஒன்பதாவதாக வந்தாள். எங்கள் குழுவில் அதுதான் அன்று நல்ல இடம். இரண்டு பேரும் பனியில் உருண்டு புரண்டு சிரித்ததைப் பார்த்தபோது எனக்கு வயது நாற்பத்துமூன்று என்பது மறந்துபோனது. சிஞ்ஞோராவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே கைதட்டல்.

திரும்பப் புறப்படும் நேரம் ஜெனியைக் காணவில்லை. தேடினால், நேரம் எடுக்கிறவர்களின் மேசையடியில் நிற்கிறாள். மெஷினைச் சரிபார்க்க, முதலில் இறங்குகிற பிள்ளைக்கும் நேரம் எடுப்பார்களாம். வெளியில் சொல்வதில்லை, எழுதுவதுமில்லை. அந்த மனுசர் திரையைத் திருப்பி அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தது. வாய் காதுவரை.

"எத்தினை, பிள்ளை?" என்று கேட்டேன்.

"அது உத்தியோகபூர்வம் இல்லை, அம்மா. சொல்லக்கூடாதாம்."

"அம்மாவுக்கு மட்டும் சொல்லன்."

"சட்டம் சட்டம்தான்!"

இன்றைக்கு நாலு நாள். இன்னும் சொல்லவில்லை. ஆனால் பாடிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். அடுத்த ஒக்டோபருக்கு இன்னும் எத்தனை நாளென்று கலண்டரில் எண்ணுகிறாள்.

பிள்ளைகளை நேர்மையாக வளர்க்க நினைக்கிற பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை — முதலில் மாட்டுப்படுவது நீங்கள்தான்.