சந்தனப் பொட்டு வைத்த சர்வர்

சில வருஷங்களுக்கு முன்பு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த முதல் நாள் அது நடந்தது.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நாங்கள் அனுப்பிய மெயில் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. சாம்பிள் ஷூவின் அளவு விவரம் அன்று மாலைக்குள் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு. சொந்த மெயிலிலிருந்து அனுப்பினாலும் செல்லாது, கம்பெனி முகவரியிலிருந்துதான் வர வேண்டும் என்பது அவர்கள் சட்டம்.

மேனேஜர் வந்து, "இன்னா சார் ஆச்சு?" என்றார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "யாரோ நம்ம சர்வர்ல பூந்துட்டாங்க சார்" என்றேன். சொன்ன பிறகு நானே அதை நம்பிப் பயந்தேன். சர்வரை நான்கு முறை அணைத்துப் போட்டேன். ஆபீஸில் எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றினேன். மாற்றியதை அவர்களிடம் சொல்ல மறந்தேன். பத்து மணிக்கு மெயில்தான் போகவில்லை. பதினொரு மணிக்கு ஒருத்தராலும் கம்ப்யூட்டருக்குள்ளேயே போக முடியவில்லை. நிஜத் திருடன் வந்திருந்தால்கூட இவ்வளவு சேதம் செய்திருக்க மாட்டான்.

சண்டைக்கு முதலில் வந்தவர் தரம் பார்க்கும் செக்‌ஷனில் இருந்த பெண். விரிஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"இன்னா சார், என் ரிப்போர்ட்டத் தொறக்க முடியல. ஒரே பேஜாரா இருக்கு."

"ஏம்மா, அனுப்புற மெயிலே திரும்பி வருது, நீ வேற."

"திரும்பி வந்ததுல இன்னா எழுதிக்கிறாங்க?"

நான் காலையிலிருந்து திரும்பி வந்த மெயில்களில் ஒன்றைக்கூட முழுதாகப் படிக்கவில்லை.

"எங்க செக்‌ஷன்ல ஒரு ஜோடி ரிஜெக்ட் ஆனா காரணம் எழுதி சீட்டு கட்டித்தான் சார் அனுப்புவோம். சீட்டப் படிக்காம முழு ஷூவையும் பிரிச்சிப் போடுவாங்களா யாராவது?"

படித்தேன். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த இணைய எண்ணுக்கு அனுமதி என்று நாங்களே ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தோம். அதில் இல்லாத எண்ணிலிருந்து வருவதால் போலி என்று திருப்புகிறோம் என, எண்ணோடு தெளிவாகப் போட்டிருந்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த எங்கள் இரண்டாவது இன்டர்நெட் லைனின் எண் அது. பூஜைக்காக ஒயரையெல்லாம் கழற்றி, சர்வரைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, பக்தியோடு தப்பான லைனில் மாட்டியவன் நான்தான்.

ஒயரை மாற்றியதும் மெயில் போனது. மாலை நான்கு மணிக்கு, கிடைத்தது என்று பதில் வந்தது. மேனேஜர் நேரே என் அறைக்கு வந்தார். யார் செய்த வேலை என்று கேட்பார், தொலைந்தோம் என்று குனிந்து நின்றேன்.

பாஸ்வேர்டுக்காகக் காத்திருந்த அந்தப் பெண் முந்திக்கொண்டார். "சார்தான் கண்டுபிடிச்சாரு. காலைலருந்து டீகூட குடிக்கல, பாவம்."

மேனேஜர் தோளில் தட்டினார். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

இப்போது அந்தக் கம்பெனி மெயிலை வெளியே யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். என் அறையில் அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறார்களாம். அந்தப் பெண்ணும் ராணிப்பேட்டைப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். தோலும் பசையும் மணக்கும் அந்த அறையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும், கூடவே உறுத்தும். கண்டுபிடித்தது அவர்தான் என்ற ஒரு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.