வயிற்றுக்கு ஒரு பைபாஸ்

ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்கம் சொல்லும் என் வேலைக்கு எங்கள் தென்காசி ஆஸ்பத்திரியில் ‘கவுன்சிலர்’ என்று பெயர். தெருவிளக்கு எரியவில்லை என்று என்னிடம் மனு கொடுத்தவர்கள் உண்டு. கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்லிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

நெஞ்சில் இல்லை

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு ஏற்றும் டெம்போ டிரைவர் அவர். புற்றுநோய்க்காக முன்பே ஒரு கிட்னியை எடுத்தாயிற்று. இப்போது அது நுரையீரலுக்கும் இரைப்பைக்கும் பரவி, குடலுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கட்டியை எடுக்க முடியாது. அடைப்பை விட்டு விலகி இரைப்பையைக் குடலோடு இணைத்தால், இருக்கும் நாளில் ஏதாவது சாப்பிடலாம். “பைபாஸ் பண்ணணும்” என்றேன். அவர் மனைவி பதறிப்போனார்.

“நோவு வயித்துல கெடக்கு, நெஞ்ச எதுக்கு அறுக்கீய?”

சின்ன ஓட்டை

நெஞ்சைத் தொட மாட்டோம், வயிற்றையும் கிழிக்க மாட்டோம், லேப்ராஸ்கோப்பி, சின்னச் சின்ன ஓட்டைதான் என்றேன். அந்த அம்மாள் முகம் தெளிந்துவிட்டது. கிட்னியை எடுத்தபோது விலா வரை கிழித்திருந்தார்கள், அதைப் பார்த்தவர். இது குணமாக்க அல்ல, சாப்பாடு இறங்க மட்டும்தான் என்று டாக்டரும் நானும் மாற்றி மாற்றிச் சொன்னோம். தலையாட்டிவிட்டு வெளியே போய் மகளுக்கு போன் போட்டார்.

“ஏட்டி, அழாத. ஓட்டைதான் போடுதாங்களாம். அப்பாவுக்குப் பெருசா ஒண்ணுமில்ல.”

ஊருக்குள் இருப்பது

கையெழுத்து டிரைவர்தான் போட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தொண்டையைச் செருமினேன். பைபாஸ் என்றதும் அவருக்கு நெஞ்சு ஞாபகம் வரவில்லை, ரோடு ஞாபகம் வந்தது. “அப்ப வண்டி சுத்திப் போயிரும். ஊருக்குள்ள அடைச்சிட்டு நிக்கது அங்கனயேதான் நிக்கும். அப்படித்தான தம்பி?” என்றார். ஆமாம் என்றேன். அவர் கையை நீட்டினார்.

“சரி, சோறு இறங்கட்டும். பேனாவத் தாங்க.”

சீசன்

தையல் பிரிக்க வந்தபோது இட்லியும் குழைந்த சோறும் இறங்க ஆரம்பித்திருந்தன. ஆள் மட்டும் இன்னும் இளைத்திருந்தார். மனைவிக்கு அது கண்ணில் படவில்லை. புண் ஆறிவிட்டது, குளிக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

“குத்தாலத்துல இப்ப நிக்க எடமில்ல. சீசன் முடியட்டும், கூட்டம் கொறஞ்சதும் நிம்மதியாப் போவோம்” என்றார் அந்த அம்மாள்.

“கூட்டம் இருந்தா இருக்கட்டும், இன்னைக்கே போவோம்” என்றார் அவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

“இவுகளுக்கு என்ன அவசரம்னு நீங்களே கேளுங்க சார்.”

விளக்கிச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம் என்று மட்டும் சொன்னேன்.