நான் சுழற்றிய துவாய்

எழுத்துக் கூட்டி வாசிக்கவே எனக்கு நேரம் பிடிக்கும். ஆனால் மீன் கூட்டம் வந்து கடலின் நிறம் மாறினால், எங்கள் சல்லிக் கிராமத்துக் கரையில் என்னைப் போல் கண்டுபிடிக்கிற பிள்ளை வேறு இல்லை. மணல் மேட்டில் ஏறி, தலை துவட்டும் சிவப்புத் துவாயைச் சுழற்றுவேன். ஊரே ஓடி வரும். முதல் ஆள் அப்பாதான். வலைக்கு அவர் தலைவர். அவர் சொல்லாமல் வலை இறங்காது.

யுத்தம் வந்து பக்கத்துச் சீனன்குடாவில் குண்டு விழுந்த பிறகு, விடியுமுன் வள்ளம் இறக்கக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. பகலில் மீன் அருமை. பல வீடுகளில் ஒரு வேளைதான் உலை ஏறியது. விளக்கம் சொல்லக் கூட்டம் வைத்த அதிகாரியை எங்கள் ஆட்கள் கூவியே விரட்டினார்கள். முன்னுக்கு நின்று கூவியவர் மாமா, அம்மாவின் தம்பி. அந்த அதிகாரியை மறுபடி அழைக்க அப்பா மூன்று தரம் பட்டணத்துக்கு நடந்தார். இனி ஒருவரும் சத்தம் போடமாட்டார்கள் என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தார்.

கூட்டத்தன்று மாமா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மருமகள், கொப்பர் எழும்பிக் கதைக்கத் தொடங்க, மேட்டில ஏறித் துவாயைச் சுத்து."

"மீன் இல்லையே, மாமா?"

"கூவினால்தானே பொலிஸ் பிடிக்கும்? சனம் மீனுக்கு ஓடிக் கூட்டம் குலைஞ்சால் ஆர் பிடிப்பான்? எங்கட கடலைக் கெஞ்சியே வாங்கிறது?"

"ஏலாது. அப்பா அடிப்பார்."

"ஓகோ! ஊர் மெச்சின பிள்ளைக்குக் கை நடுங்குதோ?"

அந்தச் சொல் என்னைச் சுட்டுவிட்டது.

மேட்டில் ஏறி நின்றேன். கோயிலடியில் அதிகாரி கதிரையில் இருந்தார். அப்பா எழுந்து, தோளில் கிடந்த சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு பேசத் தொடங்கினார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு துவாயைச் சுழற்றினேன்.

"மீன்! மீன்!"

கூட்டம் அப்படியே எழுந்து ஓடியது. திட்டம் போட்ட மாமாவும் ஓடினார். ஓடியதோடு நில்லாமல் வள்ளத்தில் கையும் வைத்துவிட்டார். கால் கை அப்படிப் பழகிப்போயிருந்தன.

அப்பா மட்டும் ஓடவில்லை. ஒருமுறை துவாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் விட்ட இடத்திலிருந்து பேசினார். கரையிலிருந்து "அண்ணை, வாங்கோ!" என்று கத்தியும் அசையவில்லை. பொய்யென்று பிடித்துவிட்டார், இன்று என் முதுகு உரியப்போகிறது என்று நடுங்கினேன். கடலில் ஒன்றும் தெரியாததால், மீன் கலைந்துவிட்டது, எல்லாம் இவர் வராததால்தான் என்று ஆட்கள் அப்பாவை ஏசினார்கள்.

வெகுநேரம் கழித்து ஒரு தாளோடு அப்பா கரைக்கு வந்தார்.

"விடியமுன்னம் இறக்கலாமாம்," என்று அதை மாமாவிடம் நீட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மீன் போயிட்டுதே, பிள்ளை?"

"ஓம் அப்பா. போயிட்டுது."

அப்பா கலைந்த மீனைத் தேடுபவர் போலக் கடலைப் பார்த்தார்.

"எவ்வளவு மீன்? கனக்க நிண்டதோ?"

மாமா ஏனோ தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அடி விழவில்லை. அந்தச் சந்தோஷத்தில், இரண்டு கைகளையும் முடிந்தமட்டும் அகல விரித்துக் காட்டினேன்.