சிவப்பு விளக்கு எரிந்த ஒரு மணி நேரம்

"ஓரிடத்தில் நிலைத்திருக்கும் பொறுமை இல்லாதவர்." மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஜானிஸ் வேலை செய்த தொழிற்சாலை, அவளைப் பற்றி ஆண்டு மதிப்பீட்டில் எழுதியது இவ்வளவுதான்.

மார்ச்சில் இறந்த அவள் கணவன் ஜெரார்ட், ஜனவரியில் தேவாலயப் பாடகர் குழுவோடு தொலைக்காட்சிக்குப் பாடிக் கொடுத்திருந்தான். அவன் பாடுவதை வேறு யாரும் படம் பிடித்ததில்லை. ஞாயிறு நான்கு மணிக்கு, ஒரே முறை ஒளிபரப்பு. ஜானிஸ் ஒரு வாரம் முன்பே தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டிக்கு நேரம் குறித்து வைத்தாள்.

நான்கு மணிக்குப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரையிலோ நேரலையில் ஓடிய பூப்பந்து இறுதியாட்டம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. அவள் திரைமுன் உட்கார்ந்தாள்.

"பெட்டி பாத்துக்கும் லா, அண்ணி. சாப்பிட வாங்க," என்றான் கொழுந்தன் ரையன்.

"அது எதப் பாக்குதுன்னு நீ பாத்தியா?"

பெட்டி கடிகாரத்தை மட்டுமே நம்பியது. சொன்ன சொல் தவறாமல் ஒரு மணி நேரம் பூப்பந்தைச் சேமித்தது. ஐந்தானதும், கடமை முடிந்ததென்று விளக்கு அணைந்தது. ஆட்டம் மட்டும் முடியவில்லை.

ஜானிஸ் எழுந்து போய்ப் பதிவுப் பொத்தானைத் தன் விரலால் அழுத்தினாள். ஆறேகாலுக்கு ஜெரார்டின் பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றாள்.